வைகாசித் தூரம்

வாசல் குழாயடியில் குந்தியிருந்து பெருமாள் டம்ளர் தேய்த்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டு டம்ளர். அதில் ஐந்துதான் சொந்தம். மீதி ஏழும் பக்கத்து வீட்டு மேரியிடம் வாங்கி வந்தவை. அரிசி மில்லில் மூட்டை தூக்கிப் பழகிய கை என்பதால் டம்ளர் அதற்குள் போய் மறைந்து, பிறகு பளபளவென்று வெளியே வந்தது. தேய்த்துத் தேய்த்துக் கைரேகையே அழிந்துவிடும் போலிருக்கிறது, வருவது என்ன கலெக்டரா என்று முனகினான்.

"கலெக்டர் வந்தா நானே தேய்ச்சிடுவேன்யா. வர்றது உன் புள்ளைக்குப் பொண்ணு குடுக்கப் போறவங்க. நீதான் தேய்க்கணும்" என்றாள் பவளம்.

அவள் உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பழைய படிவம் ஒன்றின் பின்பக்கத்தில் அங்கன்வாடி மனுவுக்காகக் குழந்தைகளின் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தாள். இரண்டு வயதுக்கு மேல், ஐந்துக்குள். பத்தொன்பது வந்தது. செங்கல் சூளைக்குப் போயிருக்கிற குடும்பங்களின் நான்கு குழந்தைகளையும் சேர்த்துத்தான் பத்தொன்பது. ஆனியில் சூளை முடிந்ததும் வந்துவிடுவார்கள், சேர்த்துக்கொள்வதில் தப்பில்லை.

பவளம் பொன்னியம்பாக்கத்தின் கிராம உதவியாளர். அரசாங்கத் தாளில் அப்படி. ஊரில் இன்னும் தலையாரி என்றுதான் சொல்கிறார்கள். பெண் என்பதால் தலையாரியம்மா. பதினோரு வருஷ வேலை. வி.ஏ.ஓ.வுக்கு முன்னால் நடந்து நிலத்தின் எல்லைக் கல்லைக் காட்டுவது, ஏரியில் மண் அள்ளுகிற டிராக்டரைக் கண்டால் போன் போடுவது, பிறந்தவர் செத்தவர் கணக்குச் சொல்வது, தாலுகா ஆபீசுக்குத் தபால் கொண்டுபோவது. உத்திரமேரூர் தாலுகா வரைபடத்தில் பொன்னியம்பாக்கம் ஒரு கட்டைவிரல் அகலம்கூட வராது. அந்த அகலத்தை அவள் கால்தான் அளந்து வைத்திருந்தது. எந்த வீட்டில் எத்தனை பேர், அதில் எத்தனை பேர் இருக்கிறார்கள், எத்தனை பேர் கணக்கில் மட்டும் இருக்கிறார்கள் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். மக்கள்தொகைக் கணக்குக்காக வந்த வாத்தியார் ஒன்பது வீட்டைப் பூட்டிய வீடு என்று எழுதப் போனபோது, அவர்கள் சூளையில் இருக்கிறார்கள், செத்துப்போகவில்லை என்று அவரை நிறுத்தி, அந்த ஒன்பது வீட்டுக்காரர்களுக்கும் போன் போட்டுப் பேச வைத்தவள்.

ஊர் ஏரிக்கரைக்குக் கீழே இருக்கிறது. நானூற்றுச் சொச்சம் வீடு. வயலும் பம்புசெட்டும் உள்ளவர்கள் அங்கே. ஏரிக்கு இந்தப் பக்கம், தண்ணீர் தேங்குகிற உள்வாயைத் தாண்டி, கலங்கல்மேடு. எழுபத்துநாலு வீடு, இருநூற்றுத் தொண்ணூற்றொரு பேர். ஒரு மாரியம்மன் கோயில், தகரக் கூரை போட்ட ஒரு சர்ச். சொந்த நிலம் இல்லாமல் அந்தப் பக்கத்து வயல்களில் நட்டும் அறுத்தும் பிழைத்த குடும்பங்கள். இப்போது நடவுக்குப் போகிறவர்கள் பாதி பேர்கூட இல்லை. இளவட்டங்கள் விடியும் முன்னே ஒரகடத்துக்குக் கம்பெனி பஸ் ஏறிவிடுகிறார்கள்.

மாசி பிறந்தால் ஏரி வற்றி, வேலிகாத்தான் புதர்களுக்கு நடுவே வண்டித்தடம் விழுந்துவிடும். அதில் நடந்தால் ஊர் பத்து நிமிஷம். ஐப்பசியில் மழை பிடித்தால் அந்தத் தடத்தின்மேல் ஆள் மட்டத்துக்குத் தண்ணீர். அப்புறம் தார் ரோட்டைச் சுற்றித்தான் போக வேண்டும், நாலு கிலோமீட்டர். ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் போகிற கலங்கல் வழிந்தால் தரைப்பாலம் முழுகி, இரண்டு நாளைக்கு அதுவும் கிடையாது.

ஆனால் யார் எந்த மாதத்தில் கேட்டாலும் கலங்கல்மேட்டுக்காரர்கள் சொல்கிற தூரம் ஒன்றுதான்: கூப்பிடு தூரம். இதைப் பொய் என்று அவர்கள் நினைப்பதில்லை. ஏரிக்கு அப்பால், ஊரை விட்டுத் தள்ளி இருக்கிற இடத்துக்கு யார் பெண் கொடுப்பார்கள்? அதனால் பெண் வீட்டார் வீடு பார்க்க வருவதென்றால் மாசிக்கும் ஆடிக்கும் நடுவில்தான் வரச் சொல்வார்கள். அதற்கு முன் வருகிறோம் என்றால் தீட்டு, நாள் சரியில்லை, பையனுக்கு லீவு இல்லை என்று ஏதாவது கிடைக்கும். வருகிறவர்களை ஊர்ப் பக்கம் இறங்கச் சொல்லி, உள்வாய் வழியாகப் பேசிக்கொண்டே நடத்திக் கூட்டி வருவார்கள். பேச்சு முடியும் முன்னே வீடு வந்துவிடும்.

பவளமும் அப்படி வந்தவள்தான். புள்ளலூரிலிருந்து பங்குனியில் வந்து பார்த்துவிட்டுப் போன அவள் அப்பா, தலைதீபாவளிக்குப் பலகாரக் கூடையோடு வந்து ஏரிக்கரையில் நின்றார். எதிரே கடல் மாதிரி தண்ணீர். "எங்கம்மா கீது உன் வூடு?" என்று அங்கிருந்தே கத்தினார். பவளம் இந்தப் பக்கத்திலிருந்து கையை ஆட்டினாள். அவர் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பி நடந்தார். ஒன்றரை மணி நேரம் கழித்துக் கூடையோடு வந்து சேர்ந்தவர், அன்று முழுக்க மருமகனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கிளம்பும்போது மகளிடம் மட்டும் சொன்னார்: "கூப்புட்டா கேக்குது. அந்த மட்டும் பொய் சொல்லல."

இதெல்லாம் குடும்பத்துக்குள் சிரிக்கிற கதையாக இருந்திருக்கும், அங்கன்வாடி விவகாரம் வராமல் இருந்திருந்தால்.

ஒன்பது வருஷத்துக்கு முன் கலங்கல்மேட்டுக்குத் தனி அங்கன்வாடி மையம் கேட்டு முதல் மனு போட்டார்கள். ஊரில் இருக்கிற மையம் எவ்வளவு தூரம் என்று அப்போதைய வி.ஏ.ஓ. கேட்டார். தெருவில் நின்றபடி பவளம்தான் பதில் சொன்னாள்: "கூப்புடு தூரம் சார். ஒரு அறுநூறு மீட்டர் இருக்கும்." பக்கத்தில் மேரியைக் கொடுக்க வந்த சாலவாக்கத்துக்காரர்கள் நின்றிருந்தார்கள். வேறென்ன சொல்ல முடியும்? மேரி கல்யாணமாகி வந்தாள். மனு திரும்பி வந்தது. 'அருகில் மையம் உள்ளது, தூரம் 600 மீ.' இரண்டாவது தடவையும் அதே வரியைப் பார்த்து எழுதி அனுப்பினார்கள்.

மேரி இதை வைத்து அவளைக் கிண்டல் பண்ணுவாள். "அன்னைக்கு நீ நாலு கிலோமீட்டர்னு சொல்லியிருந்தா நான் இங்க வந்தே இருக்க மாட்டேன்க்கா. என் புள்ளைக்கு சென்டரும் தேவப்பட்டிருக்காது." சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் மழை நான்கு மாதமும் அவளுடைய சின்ன மகள் ஏஞ்சல் வீட்டில்தான் இருந்தாள். முட்டையும் சத்துமாவும் அக்கரையில் இருந்தன.

புதிதாக வந்த வருவாய் ஆய்வாளர், ஆர்.ஐ. கீதா மேடம் மூன்றாவது மனுவைக் கையில் எடுத்து, நானே வந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தாள். இன்றைக்கு மூன்று மணிக்கு. மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறவர்களுக்குப் பத்து மணி. இரண்டுக்கும் நடுவில் சாப்பாடே போட்டு அனுப்பிவிடலாம் என்று பவளம் கணக்குப் போட்டிருந்தாள்.

மகன் கலைச்செல்வனுக்கு இருபத்தொன்பது முடிகிறது. நான்கு வரன் தட்டிப்போய்விட்டது. இந்தப் பெண் நிஷா உத்திரமேரூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். தரகர் கொண்டுவந்த வரன்தான். ஆனால் இரண்டு மாதமாக இருவரும் போனில் பேசிக்கொள்வது எல்லாருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்தார்கள். இன்றைக்குக் கலைச்செல்வன் லீவு போட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு காலையிலிருந்து நான்கு தடவை வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்திருந்தான்.

திருப்புலிவனத்திலிருந்து வந்தவர்களுக்குப் பஸ் பேஜார் பண்ணிவிட்டது. பதினொன்றுக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். நிஷாவின் அப்பா தாமோதரன் சென்ட்ரிங் மேஸ்திரி. உள்ளே வந்ததும் சுவரை விரல் முட்டியால் இரண்டு இடத்தில் தட்டிப் பார்த்துத் தலையாட்டினார். தாயில்லாத பெண்ணை வளர்த்த அவருடைய அக்கா ஆண்டாளம்மாள் சுவரோடு நிற்கவில்லை. சமையல்கட்டு, கக்கூஸ், பின்பக்கத்துத் துணி துவைக்கிற கல் எல்லாம் பார்த்தாள். குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிட்டு மூடினாள். வெயிலில் நடந்து வந்தீர்களே கால் வலிக்கிறதா அக்கா என்று பவளம் கேட்டதற்கு, இதெல்லாம் ஒரு நடையா, இங்கே ஊரும் வூடும் ஒட்டிக்கினு கீது என்றாள்.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. சாலவாக்கத்தில் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது, மூன்று மணிக்கு மீட்டிங் வந்துவிட்டது, ஏரிக்கரைக்கே வந்துவிட்டேன் என்றாள் கீதா மேடம். மூணு மணிக்குன்னு சொன்னீங்களே மேடம் என்று பவளம் இழுத்தாள். அதற்குள் ஸ்கூட்டர் உள்வாய்த் தடத்தில் புழுதி கிளப்பிக்கொண்டு வருவது வாசலிலிருந்தே தெரிந்தது.

வைகாசி வெயிலில் முகம் சிவந்து வந்தவளை உள்ளே வரவேண்டாம் என்றா சொல்ல முடியும்? பெருமாள் பளபளக்கிற டம்ளரில் தண்ணீர் கொடுத்தான். விருந்தாளிகளைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, தொந்தரவு பண்ணிட்டேனா, ரெண்டே நிமிஷம் என்று கீதா மேடம் மடியில் மனுக் கோப்பை விரித்தாள்.

"பக்கத்து மையம் எவ்வளவு தூரம்மா? பழைய ரிப்போர்ட்ல அறுநூறு மீட்டர்னு இருக்கு. என் போன்ல பார்த்தாலும் அறுநூத்திப் பத்துன்னுதான் காட்டுது."

பவளம் வாயைத் திறக்கும் முன்னால் தாமோதரன் முந்திக்கொண்டார். சம்பந்தியம்மா ஆகப் போகிறவளுக்கு அதிகாரியின் முன்னால் ஒரு கை கொடுக்க வேண்டும் என்கிற நல்ல எண்ணம்தான். "கரெக்ட்டு மேடம். இப்பதான் அந்த வழியா நடந்து வந்தோம். எங்க அக்காவே பத்து நிமிஷத்துல வந்துட்டாங்க, பாத்துக்கோங்க."

கீதா மேடம் சரி என்று பேனாவைத் திறந்தாள்.

பவளம் அந்தப் பேனாவைப் பார்த்தாள். மேடத்தின் முதுகுக்குப் பின்னால் நின்ற பெருமாள் வேண்டாம் என்று லேசாகத் தலையை அசைத்தான். கலைச்செல்வன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னும் ஒரு மணி நேரம் சும்மா இருந்தால் போதும். இவர்கள் சாப்பிட்டுவிட்டுத் தேதி பேசிவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் பேனா அதற்குள் எழுதிவிடும். எழுதியது தாலுகா ஆபீசுக்குப் போகும், அவள் கையாலேயே போகும். போன கார்த்திகையிலும் அப்படித்தான் மையத்துப் பதிவேட்டின் நகலைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கலங்கல்மேட்டுப் பிள்ளைகளின் பெயருக்கு நேரே மாதம் முழுக்க வரவில்லை, வரவில்லை என்று இருந்தது. ஏன் வரவில்லை என்று எழுத அதில் இடமே இல்லை.

"நாலு கிலோமீட்டர் மேடம்" என்றாள்.

தாமோதரன் சிரித்தார், தமாஷ் என்று நினைத்து. யாரும் கூடச் சிரிக்காததால் நிறுத்திக்கொண்டார்.

"நீங்க வண்டி ஓட்டிக்கினு வந்த எடம் ஏரி மேடம். ஐப்பசிலேர்ந்து தை வரைக்கும் அங்க தண்ணி நிக்கும். எங்க ஆளுங்க அப்ப ரோட்டச் சுத்திதான் போவணும். மூணு வயசுப் புள்ள நாலு கிலோமீட்டர் நடக்குமா?"

கீதா மேடம் கோப்பைப் புரட்டினாள். "அப்ப ஏன் ஒன்பது வருஷமா அறுநூறுன்னு இருக்கு? யார் சொன்ன தூரம் இது?"

"நாந்தான் சொன்னேன்."

பெருமாள் டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு சமையல்கட்டுக்குள் போய்விட்டான். கீதா மேடம் திட்டுவாள் என்று பவளம் எதிர்பார்த்தாள். அவள் பேனாவை மூடிக்கொண்டு எழுந்தாள். "வண்டில ஏறுங்க. அளந்துடலாம்."

ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து பவளம் தார் ரோட்டைச் சுற்றிப் போனாள். வழியில் தரைப்பாலத்தில் மட்டும் நிறுத்தச் சொல்லி, கைப்பிடிச் சுவரில் பாசி காய்ந்து கிடந்த கோட்டைக் காட்டினாள். தண்ணீர் ஏறிய உயரம். கீதா மேடம் அதைப் படம் எடுத்தாள். ஊர் அங்கன்வாடி வாசலில் மீட்டர் மூன்று புள்ளி ஒன்பது காட்டியது. அதையும் படம் எடுத்தாள். பழைய அளவு தப்பு என்று பவளத்தின் கையெழுத்திலேயே எழுதித் தரவேண்டும், மேலே கேள்வி வந்தாலும் வரும் என்றாள். எழுதித் தருகிறேன் மேடம் என்றாள் பவளம். அங்கேயே, மையத்து டீச்சர் கொடுத்த தாளில், வண்டி சீட்டின்மேல் வைத்து எழுதிக் கொடுத்தாள். எழுதி முடித்தபோது பசித்தது. காலையில் நாஷ்டா சாப்பிடாதது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

திரும்பி வந்தபோது விருந்தாளிகள் போயிருப்பார்கள் என்றுதான் நினைத்தாள். வாசலில் அவர்களுடைய செருப்புகள் அப்படியே இருந்தன. கீதா மேடம் குழந்தைகளைப் பார்க்க மேரி வீட்டுக்குப் போய்விட, பவளம் தனியாக உள்ளே நுழைந்தாள்.

ஆண்டாளம்மாள் அவளுக்காகவே காத்திருந்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஏம்மா, தை மாசமே வர்றோம்னு நாங்க சொன்னப்ப பையனுக்கு லீவு இல்லன்னீங்களே. அப்ப இங்க தண்ணியா?"

"ஆமாங்க்கா."

"வேற இன்னா இன்னா மறைச்சி வச்சிக்கினு கீறீங்க? அதையும் சொல்லிடு. ஒரே நாள்ல கேட்டுக்கறோம்."

பவளம் சொன்னாள். குழாயில் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வரும். இன்று வருகிற நாள். கலங்கல் வழிந்தால் இரண்டு நாள் வீட்டிலேயே இருக்க வேண்டும். டம்ளரில் ஏழு பக்கத்து வீட்டுடையது. இதைச் சொன்னபோது ஆண்டாளம்மாளின் வாயோரம் லேசாக அசைந்தது. கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை.

தாமோதரனுக்குத் தூரத்தைவிட ஏமாற்றப்பட்டதுதான் உறுத்தியது. அதிகாரியின் முன்னால் தன்னைப் பொய்ச்சாட்சி ஆக்கிவிட்டார்களே என்றார். பெண் வேலையை விடமாட்டாள், அப்படி ஒரு நிபந்தனையோடுதான் வந்தோம், மழைக்காலத்தில் காலை ஏழு மணிக்கு அவள் எப்படி உத்திரமேரூர் போவாள் என்று கேட்டார். நியாயமான கேள்வி.

அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த கலைச்செல்வன்தான் பேசினான்.

"ரோடு வரைக்கும் நான் வண்டில வுட்டுடுவேன் மாமா. எனக்கு ஷிப்டு இருந்தா எங்க அப்பா வுடுவாரு. வழியற ரெண்டு நாளு அவங்க லீவு போட்டுப்பாங்களாம்."

"போட்டுப்பாங்களாமா?" என்றாள் ஆண்டாளம்மாள். "யாரு சொன்னது?"

அவன் கழுத்தைத் தடவிக்கொண்டான். "நிஷாவுக்கு ஏரி விஷயம் தெரியும். போன மாசமே சொல்லிட்டேன். மழையில எடுத்த வீடியோவும் அனுப்பிச்சேன்."

ஆண்டாளம்மாள் தம்பியைப் பார்த்தாள். "அப்ப உனக்கும் எனக்குந்தான்டா தெரியல. அவ சோறு தின்னுக்கினு, போய்ப் பாத்துட்டு வா அத்தேன்னு அனுப்புறா."

அதற்கப்புறம் கோபத்தை ஒரே பக்கம் வைத்துக்கொள்வது தாமோதரனுக்குச் சிரமமாகிவிட்டது. சாப்பிட உட்கார்ந்தார்கள். சாப்பிடும்போது கல்யாணப் பேச்சு எதுவும் எழவில்லை. கத்திரிக்காய் நல்லா இருக்கிறது என்றாள் ஆண்டாளம்மாள். கை கழுவிவிட்டு வந்து, முந்தானையில் துடைத்துக்கொண்டே தன் முடிவைச் சொன்னாள்.

"கார்த்திகைல வர்றோம். ஏரி ரொம்பி நிக்கும்போது வர்றோம். வேணும் வேணாம்னு அப்ப சொல்றோம். அது வரைக்கும் வேற எடம் பாக்கல, நீங்களும் பாக்காதீங்க."

பெருமாள் தலையைத் தலையை ஆட்டினான். உள்வாய் வழியாகவே கொண்டுபோய் விடுகிறேன், அங்கே ஆட்டோ கிடைக்கும் என்று அவசரமாகச் செருப்பைத் தேடினான். ஆண்டாளம்மாள் அவனைக் கையமர்த்தினாள். வந்த வழியைப் பார்த்தாயிற்று, இன்னொரு வழியையும் பார்க்க வேண்டும் என்றாள். கலைச்செல்வன் பைக்கை எடுத்தான். இருவரையும் ஒரே தடவையில் ஏற்ற முடியாது. தாமோதரன் முன்னால் போகிறேன் என்றார். அதற்குள் அவருடைய அக்கா ஒரு பக்கமாகக் காலைப் போட்டு ஏறி உட்கார்ந்து, பையனின் தோளைப் பிடித்துக்கொண்டாள். மெதுவாகப் போ, கணக்குப் பார்க்கணும் என்று அவள் சொன்னது தெருமுனைவரை கேட்டது. அரைமணி கழித்து அவன் திரும்பி வந்து தாமோதரனையும் ஏற்றிக்கொண்டு போனான்.

வீட்டில் இருவர்தான். பெருமாள் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கினான். நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டான். ஏன் சொன்னாய் என்று அவன் கேட்பான் என்று பவளம் நினைத்தாள், கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவனும் ஏழெட்டுப் பெண் வீட்டாரை அந்தத் தடத்தில் நடத்திக் கூட்டி வந்தவன்.

அவள் கடைசியாக ஒரு வாய் சோறு போட்டுக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டாள். மேரி வீட்டிலிருந்து குழந்தைகள் சத்தமும், அவர்களை வரிசையில் நிற்கச் சொல்லும் கீதா மேடத்தின் குரலும் வந்துகொண்டிருந்தன. மையத்துக்கு எந்த இடம் தோது, மாரியம்மன் கோயில் பின்னால் இருக்கிற புறம்போக்கா, சர்ச் பக்கமா என்று காட்டச் சொல்லி மேரி இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாள்.

"கார்த்திகைல வருவாங்க" என்றான் பெருமாள், அடுக்கிய நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு. "வந்து, அவ்ளோ தண்ணியையும் பாத்துட்டு, வேணாம்னு சொல்லிட்டாங்கன்னா?"

பவளம் கையைக் கழுவினாள். புறம்போக்கு இடம்தான் மேடு, மழையில் ஈரம் நிற்காது, முதலில் அதைக் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வெளியே போனாள்.